கூச்சத்தால் மறைக்கும் வருத்தம், கேட்காமல் கலக்கும் குளிசை

வெள்ளாமை செய்கிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத பாடம் ஒன்று உண்டு. மருந்தடிக்கும் தாங்கிக்குள் இரண்டு மருந்தை ஒன்றாக ஊற்றுவதென்றால் முதலில் விசாரிக்க வேண்டும். சில மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். ஒரே அடியில் இரண்டு வேலையும் முடியும். சில ஒத்துப்போகா, பயிரையே கருக்கிவிடும். இது தெரியாமல் ஊற்றுபவரை வட்டையில் யாரும் விவசாயி என்று சொல்லமாட்டார்கள்.

தாங்கிக்கு இவ்வளவு கவனம் எடுக்கும் நாம் எமது சொந்த உடம்புக்கு அதை எடுக்கிறோமா? இந்த இதழில் இரண்டு வகைக் குளிசைகளைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று மனச்சோர்வுக்கு வைத்தியசாலையில் தரும் குளிசை. மற்றையது ஆண்களுக்கு வரும் விறைப்புக் குறைபாட்டுக்கான குளிசை. இரண்டையும் ஒருவர் ஒரே காலத்தில் பாவிக்கலாமா? எப்போது பாவிக்கலாம்? எப்போது கூடவே கூடாது?

ஒரு குருவானவர் எழுதுகிற விடயமா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். திருமணத்தை அருட்சாதனமாகக் கொண்டாடும் திருச்சபை, அந்தத் திருமணம் வீட்டுக்குள் நொந்துபோகும்போது வெளியே நின்று பார்க்க முடியாது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் கூச்சமின்றியே எழுதியிருக்கிறார். அவர் எழுதத் துணிந்ததை நாம் பேசவாவது துணியலாம்.

பாண்டிருப்பில் ஒரு குடும்பம்

பாண்டிருப்பில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அவர்கள் சம்மதித்ததால் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். அவரது வயல் மல்வத்தைப் பக்கம். 1990இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர். கடற்கரையோரம் ஒரு சிறு வீடு போட்டு, கூலிக்கு வெள்ளாமை செய்து பிள்ளைகளை வளர்த்தார். 2004 டிசம்பர் 26இல் கடல் அந்த வீட்டையும் எடுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகும் எழும்பினார். திரௌபதை அம்மன் கோயில் தீப்பள்ளயத்தில் நேர்த்தி வைத்துத் தீயில் இறங்கும் மனிதர் அவர்.

பல வருடங்கள் கழித்து, பிள்ளைகள் கரைசேர்ந்த பின்னர்தான் அவர் விழுந்தார். சுவரைப் பார்த்துப் படுத்தார். சோறு வேண்டாம், வட்டைக்குப் போக மனமில்லை, விடியச் சாமம் விழிப்பு. அந்த வருடம் தீப்பள்ளயத்துக்கும் போகவில்லை. மனிசிதான் வற்புறுத்தி அரசாங்க வைத்தியசாலையின் உளநல கிளினிக்குக் கூட்டிப் போனார். புளுவொக்ஸற்றின் என்ற குளிசை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் மனிதர் சாப்பிட்டார், சிரித்தார், மண்வெட்டியைத் தோளில் போட்டார்.

பிறகு மீண்டும் படுத்துவிட்டார். குளிசையை நிறுத்திவிட்டார் என்று மனிசி வந்து சொன்னார். நான் போய் ஏசினேன். "ஐயா, டொக்டர் தந்த குளிசையை ஒழுங்காகப் போட வேண்டாமா?" என்றேன். அவர் தலையைக் குனிந்தபடி இருந்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. அது என் பிழை.

கேட்டவர் கிளினிக்கில் வேலை செய்யும் ஓர் ஆண் தாதி. எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "குளிசை தொடங்கின பிறகு குடும்ப வாழ்க்கையில ஏதும் வித்தியாசமா?" என்று மட்டும் கேட்டாராம். பதில் உடனே வந்தது.

"தம்பி, இந்தக் குளிசை எனக்கு உசிரத் தந்தது. ஆம்பிளைத்தனத்த எடுத்துப்போட்டுது. மறுகா அந்த உசிரு எதுக்கு எண்டு நிப்பாட்டிட்டன்."

தாதி இன்னுமொன்று கேட்டார்: "வேற ஏதும் குளிசை வச்சிருக்கீங்களா?" சேட்டுப் பையிலிருந்து இரண்டு வந்தன. ஒன்று, நெஞ்சு நோவு வந்தால் நாக்குக்குக் கீழ் வைக்கும் குளிசை. வேறொரு கிளினிக்கில் கொடுத்தது. மற்றையது நீல நிறக் குளிசை. தன்னை யாருக்கும் தெரியாத ஊருக்கு பஸ் ஏறிப் போய், துண்டில்லாமல் ஒரு கடையில் வாங்கியது. அன்றிரவு போட இருந்தாராம்.

ஒரே பைக்குள் கிடந்த அந்த இரண்டும் ஒரே உடம்புக்குள் போயிருந்தால் அவர் விடியும்போது உயிரோடு இருந்திருப்பாரா என்று சொல்ல முடியாது. ஏன் என்று பின்னால் விளக்குகிறேன். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மனச்சோர்வுக் குளிசை கொடுத்தவருக்கு நெஞ்சு நோவுக் குளிசை தெரியாது. நெஞ்சு நோவுக் குளிசை கொடுத்தவருக்கு மனச்சோர்வு தெரியாது. நீலக் குளிசை விற்றவருக்கு இரண்டுமே தெரியாது. மூவருக்கும் நடுவில் நின்று மறைத்தது கூச்சம். தீயில் இறங்கப் பயப்படாத மனிதர் ஒரு வசனத்தைச் சொல்லப் பயந்தார்.

வருத்தமும் காரணம், மருந்தும் காரணம்

யுத்தமும் இடப்பெயர்வும் மனதில் என்ன செய்யும் என்பதை எமது வைத்தியர்களே ஆராய்ந்திருக்கிறார்கள். உளநல மருத்துவ நிபுணர் தயா சோமசுந்தரமும் சிவயோகனும் வடக்கில் 98 பேரிடம் செய்த ஆய்வு 1994இல் வெளியானது. அவர்களில் நால்வருக்கு ஒருவர் கடும் மனச்சோர்வில் இருந்தார். 13 வீதமானோருக்கு உறவுகளில் சிக்கல். 15 வீதமானோருக்கு மது முதலான போதைப் பழக்கம். மனச்சோர்வும் குடும்பச் சிக்கலும் குடியும் ஒரே வீட்டுக்குள் சேர்ந்து நுழைவதை கிழக்கில் நாமும் கண்டுகொண்டுதான் இருக்கிறோம்.

மனச்சோர்வு வந்தால் பசி போவதுபோல ஆசையும் போகும். விறைப்பும் குறையும். குறைந்துவிட்டதே என்ற கவலை மனச்சோர்வை இன்னும் கூட்டும். இது வருத்தம் செய்கிற வேலை.

மருந்தும் தன் பங்குக்குச் செய்வதுண்டு. புளுவொக்ஸற்றின், சேர்ட்ரலின், எசிற்றலோபிராம், பரொக்ஸற்றின், வென்லபாக்சின் போன்றவை மூளையில் செரட்டோனின் என்ற பொருளின் வேலையைக் கூட்டி மனதைத் தூக்கிவிடுகின்றன. அதே மாற்றம் ஆசையைக் குறைக்கலாம், விறைப்பைக் குறைக்கலாம், விந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தலாம். அமிற்றிப்ரிலின், இமிப்ரமின் போன்ற பழைய மருந்துகளிலும் இந்தத் தொல்லை உண்டு. இது பொதுவாகக் காணப்படும் பக்கவிளைவு. செய்வினையோ சாபமோ அல்ல. உங்கள் ஆண்மை முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளமும் அல்ல.

மூன்றாவது காரணமும் உண்டு. சீனி வருத்தம், பிரஷர், புகைத்தல், கசிப்பு ஆகியவை இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கும். விறைப்புக் குறைவது சிலருக்கு இருதய நோயின் முதல் எச்சரிக்கையாகவும் இருக்கும். ஆகவே குளிசைமேல் மட்டும் பழியைப் போடாமல் இரத்தமும் பிரஷரும் பரிசோதிக்கப்பட வேண்டும்.

நீலக் குளிசை எப்படி வேலை செய்கிறது

அந்தக் குளிசையின் மருந்துப் பெயர் சில்டெனாபில். வயாகரா என்ற பெயரில் பைசர் கம்பனி முதலில் விற்றது. இங்கிலாந்தில் அதை நெஞ்சு நோவுக்கு மருந்தாகத்தான் பரிசோதித்துப் பார்த்தார்கள். நெஞ்சு நோவுக்கு எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. வேறொரு விளைவு தெரிந்தது. 1998 மார்ச்சில் அமெரிக்கா அதை விறைப்புக் குறைபாட்டுக்கு அனுமதித்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த தடலாபில் பின்னர் வந்தது.

நீர்ப்பாய்ச்சுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆசை எழும்பும்போது நரம்புகள் நைத்திரிக் ஒக்சைட் என்ற பொருளை விடுகின்றன. அது இரத்தக் குழாயின் துருசைத் திறந்துவிடும். இரத்தம் பாய்ந்து விறைப்பு வரும். பிறகு உடம்பே அந்தத் துருசை மூடிவிடும். சில்டெனாபில் செய்வது, மூடுகிற கையைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருப்பது. அவ்வளவுதான். திறக்கும் வேலையை ஆசைதான் செய்ய வேண்டும். ஆசையே இல்லாதவருக்கு இந்தக் குளிசை ஆசையை உண்டாக்காது; மனச்சோர்வையும் மாற்றாது.

உறவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்கு முன் சில்டெனாபிலை எடுப்பார்கள். சுமார் 4 மணித்தியாலம் வேலை செய்யும். கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் வேலை பிந்தும். பிந்துகிறதே என்று இன்னொன்றை விழுங்கக் கூடாது. 24 மணித்தியாலத்தில் ஒரு தடவைதான். தடலாபிலின் வேலை 36 மணித்தியாலம் வரை நிற்கும்.

இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா?

வைத்தியர் பார்த்துக் கொடுத்தால் பெரும்பாலானோர் எடுக்கலாம். இதைத் தெளிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சேர்த்தால் செத்துவிடுவோம் என்று பயந்து மனச்சோர்வுக் குளிசையை நிறுத்துபவர்களும் உண்டு. மனச்சோர்வுக் குளிசையால் தாம்பத்திய உறவு பாதிக்கப்பட்ட 90 ஆண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2003இல் வெளியானது. மனச்சோர்வுக் குளிசையை நிறுத்தாமலே ஒரு பகுதியினருக்குச் சில்டெனாபிலும் மறுபகுதியினருக்கு மருந்தில்லாத வெறுங்குளிசையும் கொடுத்தார்கள். சில்டெனாபில் எடுத்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு நல்ல முன்னேற்றம். வெறுங்குளிசை எடுத்தவர்களில் 20 பேருக்கு ஒருவர்கூட இல்லை.

ஆனால் எல்லா மனச்சோர்வு மருந்தும் ஒரே மாதிரி அல்ல. புளுவொக்சமின் என்ற மருந்து, சில்டெனாபிலை உடம்பு கழிப்பதைத் தாமதப்படுத்தும்; ஆகவே அளவு குறைய வேண்டும். அமிற்றிப்ரிலின், இமிப்ரமின், டிராசொடோன் ஆகியவை தாமே பிரஷரைக் குறைப்பவை. சில்டெனாபிலும் சேர்ந்தால் எழும்பும்போது தலைசுற்றி விழலாம். டிராசொடோன் தனியாகவே, அரிதாக, இறங்காத வலியுள்ள விறைப்பை உண்டாக்கும். பெயர்கள் ஒன்றுபோலக் கேட்பதால் எது உங்களுடையது என்று ஊகிக்க வேண்டாம். குளிசை அட்டையையே வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒருபோதும் சேரக் கூடாதவை

இப்போது அந்தச் சேட்டுப் பைக்கு வருகிறேன். நாக்குக்குக் கீழ் வைக்கும் ஜி.ரி.என். குளிசையும், ஐசோசோர்பைட் என்ற பெயரில் வரும் இருதயக் குளிசைகளும் நைத்திரேற் வகையைச் சேர்ந்தவை. அவை உடம்பெங்கும் உள்ள துருசுகளைத் திறக்கின்றன. சில்டெனாபில் மூடுகிற கையைப் பிடித்து வைத்திருக்கிறது. எல்லாத் துருசும் ஒரே நேரத்தில் திறந்து, மூட ஆளில்லாவிட்டால் பெரிய வாய்க்காலில் நீர்மட்டம் என்னவாகும்? கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறாது. அப்படியே பிரஷர் திடீரென்று விழுந்து மூளைக்கும் இருதயத்துக்கும் இரத்தம் போகாமல் உயிர் போகலாம். இந்த இரண்டும் எந்த அளவிலும் சேரக் கூடாது.

சில்டெனாபில் எடுத்த பின் நெஞ்சு நோவு வந்தால் நாக்குக்குக் கீழ் எதையும் வைக்காமல் இருந்துகொண்டு, உடனே அம்புலன்சைக் கூப்பிடுங்கள். 1990 என்ற இலக்கம் எமக்கு வேறொரு நினைவைத் தரும்; இன்று அதுதான் சுவசெரிய அம்புலன்சின் இலவச இலக்கம். வந்தவர்களிடம் என்ன குளிசை, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். சில்டெனாபில் எடுத்து 24 மணித்தியாலத்துக்கும் தடலாபில் எடுத்து 48 மணித்தியாலத்துக்கும் நைத்திரேற் கொடுப்பதை வைத்தியர்கள் தவிர்ப்பார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பிரஷருக்கோ கெட்ட கனவுகளுக்கோ தரும் பிராசோசின், சிறுநீர் அடைப்புக்குத் தரும் டாம்சுலோசின் ஆகியவற்றோடும் கவனம் வேண்டும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற கிருமி மருந்துகளும், பூஞ்சணத்துக்கான சில குளிசைகளும் சில்டெனாபிலின் அளவை உடம்பில் கூட்டும். கடந்த 6 மாதத்துக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர், மாடிப்படி ஏறினாலே நெஞ்சு நோகிறவர், பிரஷர் மிகக் குறைந்தவர் ஆகியோர் வைத்தியர் சொல்லும்வரை இந்தக் குளிசையைத் தொடக் கூடாது. சாராயமும் கசிப்பும் பிரஷரையும் விறைப்பையும் சேர்த்தே குறைக்கும்.

விறைப்பு 4 மணித்தியாலம் கடந்தும் இறங்காவிட்டால், அல்லது கண்பார்வையோ காது கேட்பதோ திடீரென்று குறைந்தால், வெட்கப்படாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தானாக நிறுத்தினால் என்ன?

எமது பேச்சில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். "மருந்து குடித்துவிட்டார்" என்று ஒருவர் ஓடிவந்தால் எந்த மருந்து என்று யாரும் கேட்பதில்லை. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்தனர். மிகக் கொடிய பூச்சிநாசினிகள் தடை செய்யப்பட்ட பின் 2005இல் அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனாலும் வீட்டுக் கோடிக்குள் போத்தல் இன்னும் இருக்கிறது. மனச்சோர்வுக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்று, பதற்றம், மின்சாரம் அடிப்பதுபோன்ற உணர்வு, தூக்கமின்மை வரலாம். அதைவிட மோசம், வருத்தம் திரும்பி வருவது. ஒரு மருந்தை வெறுத்து நிறுத்தியவர் மற்ற மருந்தை நோக்கிப் போகாதபடி வீட்டிலுள்ளோர் பார்த்துக்கொள்ள வேண்டும். போத்தலைப் பூட்டி வையுங்கள்.

மனம் தெளிந்த பின்பும் பல மாதங்கள் குளிசையைத் தொடரச் சொல்வது, வருத்தம் திரும்பாமலிருக்கத்தான். தொல்லை இருந்தால் வைத்தியருக்குப் பல வழிகள் உண்டு. கொஞ்சக் காலம் பொறுத்துப் பார்ப்பது, அளவைக் குறைப்பது, இந்தத் தொல்லை குறைந்த மிர்ட்டாசபின் போன்ற மருந்துக்குப் படிப்படியாக மாற்றுவது, தகுந்தவருக்குச் சில்டெனாபிலைக் குறைந்த அளவில் சேர்ப்பது ஆகியன அவற்றுட் சில. எது யாருக்கு என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

கடையும் விளம்பரமும்

துண்டில்லாமல் விற்கும் குளிசையில் என்ன அளவு இருக்கிறது, உண்மையான மருந்துதானா என்பது உங்களுக்குத் தெரியாது. "இயற்கை மூலிகை, பக்கவிளைவே இல்லை" என்று விற்கும் பல ஆண்மைச் சரக்குகளுக்குள் சில்டெனாபிலையே ஒளித்துக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இருதயக் குளிசை போடுகிறவர் அதை லேகியம் என்று நம்பிச் சாப்பிட்டால்? ஊரை விட்டுத் தூரத்துக் கடைக்குப் போவதைவிட, உங்கள் எல்லாக் குளிசையும் தெரிந்த ஒரு வைத்தியரிடம் போவது பாதுகாப்பு.

மனைவிமாருக்கு

அந்தப் பாண்டிருப்புத் தாய் பின்னர் சொன்னார்: "பாதர், இவருக்கு என்னில வெறுப்பு எண்டுதான் நான் நினைச்சன். வேற ஆள் இருக்கோ எண்டும் நினைச்சன். யாரிட்டக் கேக்கிற?" இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து இரண்டு விதமாக அழுதிருக்கிறார்கள். ஆகவே மனைவியரே, கணவர் விலகினால் சந்தேகப்படுமுன் குளிசையையும் வருத்தத்தையும் நினையுங்கள். குத்திக் காட்டாதீர்கள், கிளினிக்குக் கூடவே போங்கள். மனச்சோர்வுக் குளிசை எடுக்கும் பெண்களுக்கும் ஆசை குறையலாம். அதையும் வைத்தியரிடம் சொல்லலாம். ஆனால் கணவரின் நீலக் குளிசையைத் தாமாக எடுக்கக் கூடாது.

எம்மைப் போன்ற தொண்டு வேலைக்காரருக்கும் ஒரு வார்த்தை. முகாமிலும் பிறகு கட்டிய சிறு வீடுகளிலும் வளர்ந்த பிள்ளைகளோடு ஓர் அறைக்குள் வருடக்கணக்காகப் படுத்த தம்பதிகள் எத்தனை பேர்? கூரையையும் மலசலகூடத்தையும் கணக்குப் பார்த்த நாம், ஒரு மறைப்புச் சுவரைக் கணக்குப் பார்க்கவில்லை.

பிறகு நடந்தது

அவருக்கு நைத்திரேற் தேவைப்பட்டபடியால் நீலக் குளிசை முழுவதுமாக விலக்கப்பட்டது. இரத்தம் பார்த்தபோது சீனியும் கூட இருந்தது. மனச்சோர்வு மருந்தைப் படிப்படியாக மாற்றினார்கள். சீனிக்கு மருந்து தொடங்கினார்கள். புகைத்தலைத் தானே விட்டார். எல்லாம் பழையபடி வந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். அவரும் அப்படிச் சொல்லவில்லை. "பாதி வந்திருக்கு, பேச்சு முழுசா வந்திருக்கு" என்றார். வெள்ளாமைக்குப் போகிறார். இன்னொரு இளம் குடும்பத் தலைவருக்கு இருதய நோய் எதுவும் இல்லாதபடியால் வைத்தியர் இரண்டு குளிசைகளையும் சேர்த்தே கொடுத்தார். அவர் மனச்சோர்வுக் குளிசையை நிறுத்தாமல் குணமாகி வருகிறார்.

நினைவில் வையுங்கள்

1. மனச்சோர்வுக் குளிசையைத் தானாக நிறுத்தாதீர்கள்.
2. நெஞ்சு நோவுக் குளிசையும் ஆண்மைக் குளிசையும் ஒருபோதும் சேரக் கூடாது.
3. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் வீட்டிலுள்ள எல்லாக் குளிசையையும் லேகியத்தையும் ஒரு பையில் போட்டு, கிளினிக் கொப்பியோடு கொண்டுபோங்கள்.
4. சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். "குளிசை தொடங்கியபின் தாம்பத்திய உறவில் குறை" என்ற ஒரு வரி போதும்.
5. கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் வைத்தியரைக் காணப் பணம் தேவையில்லை. உயிரை வெறுத்த எண்ணம் வந்தால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

பாண்டிருப்பிலும் மருதமுனையிலும், கோயிலுக்குப் போகிறவர் வீட்டிலும் பள்ளிவாசலுக்குப் போகிறவர் வீட்டிலும் இந்த வருத்தம் ஒன்றுதான். மருந்தும் உண்டு, அதைப் பாதுகாப்பாகச் சேர்க்கத் தெரிந்தவர்களும் உண்டு. தாங்கியில் ஊற்றுமுன் கேட்கிற அந்த ஒரு கேள்வியை, வாயில் போடுமுன்னும் கேளுங்கள்.